ஒரே நாளில் ரோமானியரும் கோட்டையும்: கார்டிஃபிலிருந்து எங்கே போகலாம்?

கேள்வியின் சுருக்கம் இது: "மே மாதம் கார்டிஃபில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறோம். நான், கணவர், பத்து வயதுப் பேரன். ரோமானிய இடிபாடுகள், பழைய கோட்டைகள் இரண்டையும் ஒரே நாளில் காட்டும் கைடட் டூர் போகலாமா? இணையத்தில் பார்த்தால் ஒரு நாளில் ஐந்து இடம் என்கிறார்கள். கணவருக்கு முழங்கால் வலி உண்டு. கைடு அவசியமா, நாங்களே போய்ப் பார்த்தால் போதாதா?"

தாராளமாகப் போகலாம். ஆனால் ஐந்து இடம் வேண்டாம், மூன்று போதும். அந்த மூன்றையும் கார்லியன், கார்வென்ட், செப்ஸ்டோ என்ற வரிசையில் பாருங்கள். தென் வேல்ஸில் எனக்குத் தெரிந்தவர்கள் யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். கார்டிஃபிலிருந்து கார்லியனுக்கு அரை மணி நேரம், அங்கிருந்து கார்வென்டுக்கு இருபது நிமிடம், அப்புறம் செப்ஸ்டோ பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும். வண்டியில் உட்காரும் நேரம் குறைவு. அதைவிட முக்கியம், இந்த மூன்றும் ஒரே கதையின் மூன்று பாகங்கள்: படை வந்து இறங்கிய இடம், அந்தப் படை அடக்கிய மக்களுக்காக எழுந்த ஊர், ஆயிரம் வருடம் கழித்து அந்த ஊர்ப் பக்கத்துச் செங்கல்லை எடுத்து வைத்துக் கட்டிய கோட்டை. ஐந்து இட டூரில் இந்தத் தொடர்ச்சி கைக்கு வராது. ஒவ்வொரு வாசலிலும் இருபத்தைந்து நிமிடம் நிறுத்தி, போட்டோ எடுக்கச் சொல்லி, ஏற்றிவிடுவார்கள்.

கைடு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கோட்டைக்குக் கைடு இல்லாமலும் சமாளிக்கலாம். கோபுரம் கோபுரமாகத்தான் நிற்கிறது, பார்த்தாலே புரியும். ரோமானிய இடங்கள் அப்படியில்லை. பெரும்பாலும் கணுக்கால் உயரத்துக்குக் கல் வரிசைகளும் புல்லும்தான். சொல்ல ஆள் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் பேரன் "போலாமா தாத்தா" என்பான். அதனால் டூர் எடுத்தால் ரோமானியப் பகுதியில் நேரம் கொடுக்கும் டூராக எடுங்கள். கோட்டை மட்டும் காட்டும் டூருக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை.

இனி கார்லியன். அஸ்க் நதிக்கரையில் ஒரு சின்ன ஊர். கி.பி. 74 அல்லது 75-இல், பிரிட்டன் ஆளுநர் ஃபிரான்டினஸ் காலத்தில், இரண்டாம் அகஸ்டா லீஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவு இங்கே நிரந்தர முகாம் போட்டது. ஐயாயிரத்துச் சொச்சம் வீரர்கள். இந்தப் பகுதியில் வாழ்ந்த சிலூர்கள் என்ற இனக்குழு ரோமானியரைப் பல வருடம் திணறடித்தவர்கள். அவர்களை ஒருவழியாக அடக்கிய பிறகு, மறுபடி தலைதூக்காமல் பார்த்துக்கொள்ள வைத்த படை இது. கி.பி. 43-இல் ரோமானியர் பிரிட்டன்மீது படையெடுத்தபோது இதே லீஜியனுக்குத் தலைமை தாங்கியவர் வெஸ்பாசியன். பின்னாளில் பேரரசர் ஆனாரே, அவரேதான். படையின் சின்னம் மகரம், அதாவது ஆட்டுத் தலையும் மீன் வாலும் கொண்ட உருவம். அருங்காட்சியகக் கல்வெட்டுகளில் அது தென்பட்டால் பேரனிடம் காட்டுங்கள். நம் ராசிக் கட்டத்தில் இருக்கும் மகரமும் கிரேக்க வானியல் வழியாக வந்த அதே ராசிதான், உறவு தூரத்து உறவு இல்லை.

முதலில் ஆம்பிதியேட்டருக்குப் போங்கள். முகாம் மதிலுக்கு வெளியே, கி.பி. 90 வாக்கில் கட்டியது. நீள்வட்ட மைதானம், சுற்றிலும் புல் மூடிய மண்மேடு, எட்டு வாசல். மேட்டின் மேல் மரப் பலகை இருக்கைகள் இருந்தன. சுமார் ஆறாயிரம் பேர் உட்காரலாம், அதாவது மொத்தப் படையும் ஒரே நேரத்தில். வாசல் சுவர்களில் சில கற்களில் பெயர் வெட்டியிருக்கும். இந்தத் துண்டு இன்ன செஞ்சூரியனின், அதாவது இன்ன படைக்குழுத் தலைவரின், ஆட்கள் கட்டியது என்ற அடையாளம். வேலையைப் பங்கு போட்டு, யார் பங்கு எது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஒரு நல்ல கைடு இங்கே குனிந்து கல்லைக் காட்டுவார். சுமாரான கைடு கிளாடியேட்டர் கதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

இங்கே கிடைத்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சின்ன ஈயத் தகடு. அதில் ஒருவன் நெமெசிஸ் தெய்வத்திடம் முறையிட்டிருக்கிறான்: தாயே, ஒரு மேலங்கியையும் ஒரு ஜோடி செருப்பையும் உனக்குக் கொடுத்தேன், அதை எடுத்துக்கொண்டு போனவன் தன் உயிரையும் ரத்தத்தையும் கொடுத்தால் ஒழிய மீளக்கூடாது. திருடு போன பொருளைத் தெய்வத்தின் பேரில் எழுதிவைத்துவிட்டான், இனி திருடன் பட்ட கடன் தெய்வத்திடம். காசு வெட்டிப் போடுவது, மிளகாய் அரைத்துப் பூசுவது எல்லாம் தெரிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. இரண்டாயிரம் வருடம் ஆகப்போகிறது, செருப்பு போன கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த ஆம்பிதியேட்டரை மண்ணிலிருந்து வெளியே எடுத்தது 1926, 27-ஆம் ஆண்டுகளில். அதுவரை இது வெறும் புல் பள்ளம், ஊர்க்காரர்கள் பழங்கதைகளில் வரும் ஆர்தர் அரசனின் வட்டமேசை என்று சொல்லிவந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி என்பவர் எழுதிய வரலாற்றுப் புத்தகத்தில் ஆர்தரின் அரசவை கார்லியனில் கூடியதாக எழுதிவிட்டார், அதிலிருந்து வந்தது. அகழாய்வுக்கு டெய்லி மெயில் பத்திரிகை பணம் கொடுத்ததற்கும் ஆர்தர்தான் காரணம். ரோமானியர் என்று சொல்லியிருந்தால் அவ்வளவு எளிதாகப் பணம் வந்திருக்குமா தெரியாது! வேலையைத் திட்டமிட்டவர் மார்ட்டிமர் வீலர். அதற்குள் அவருக்கு லண்டனில் வேறு பதவி கிடைத்துவிட, களத்தில் இருந்து பெரும்பகுதி வேலையை நடத்தியவர் அவர் மனைவி டெஸ்ஸா வீலர். பலகைகளில் கணவர் பெயர்தான் கண்ணில் படும், அம்மையாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீலர் என்ற பெயர் எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதா? அதே ஆள்தான். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்து, 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியவர். அங்கே இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுத் தட்டுகளின் உடைசல்களும் ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளும் கிடைத்தன. அந்தத் தட்டுகளின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அதை வைத்துக்கொண்டு, கூடவே அதே மண்ணடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அவர் காலம் குறித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய பிடிமானம். அந்தத் தட்டுகளை இனம் காணும் பழக்கம் அவருக்கு வந்தது கார்லியன் போன்ற ரோமானிய இடங்களில் வேலை செய்ததால்தான். அரிக்கமேட்டில் ஜாடிகள் இறங்கிய அதே முதல் நூற்றாண்டில்தான் இங்கே படை முகாம் போட்டது. பேரரசின் மேற்கு விளிம்பில் இருந்தது படை. நம் கரைக்கு வந்தது வியாபாரம், படை வரவில்லை.

ஆம்பிதியேட்டரிலிருந்து நடக்கும் தூரத்திலேயே வீரர்கள் குடியிருந்த பாரக்ஸின் அடித்தளங்கள் இருக்கின்றன. நீள நீள வரிசை வீடுகள். எட்டுப் பேருக்கு இரண்டு அறை, முன்னறையில் ஆயுதம், பின்னறையில் படுக்கை. வரிசையின் கடைசியில் செஞ்சூரியனுக்கு மட்டும் விசாலமான வீடு. ஹாஸ்டலில் வார்டன் அறை மாதிரி. மூலையில் பொதுக் கழிப்பறையும் ரொட்டி சுடும் அடுப்புகளும் உண்டு. ஐரோப்பாவில் லீஜியன் பாரக்ஸை இப்படித் தரையில் நின்று பார்க்கக் கிடைப்பது இங்கே மட்டும்தான் என்கிறார்கள். ஆம்பிதியேட்டருக்கும் இதற்கும் கட்டணம் கிடையாது.

மழை வந்தால் குளியல் கூடத்துக்குள் ஓடிவிடலாம், அதற்குக் கூரை போட்டிருக்கிறார்கள். திறந்தவெளி நீச்சல் குளமும் அதன் ஓரத்துக் கட்டடங்களும் கூரைக்குள் வந்துவிட்டன. வெறும் தொட்டியில் தண்ணீர் இருப்பதுபோல ஒளிப்படம் விழுந்துகொண்டிருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இந்தக் கூடத்தின் சாக்கடையைத் தோண்டியபோது 88 செதுக்கு மணிகள் கிடைத்தன. மோதிரத்தில் பதிக்கும் சின்னஞ்சிறு கற்கள், ஒவ்வொன்றிலும் தெய்வமோ விலங்கோ செதுக்கியிருக்கும். வெந்நீரிலும் ஆவியிலும் ஒட்டுப்பசை இளகி, கல் கழன்று, தண்ணீரோடு போய்விட்டது. குளிக்கும்போது மோதிரத்தைக் கழற்றி வை என்று வீட்டில் சொல்ல அவர்களுக்கு ஆளில்லை போலிருக்கிறது. ஊருக்குள்ளேயே இருக்கும் லீஜியன் அருங்காட்சியகத்துக்கும் நுழைவு இலவசம். புதுப்பிப்பு வேலைக்காக மூடியிருக்கக்கூடும், கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டையும் கார்லியனிலேயே முடித்துவிடுங்கள். பப்கள் இருக்கின்றன. ஆனால் மே மாதத்தில் வெயில் அடித்தால், மகளிடம் சொல்லிப் புளியோதரை கட்டிக்கொண்டு போய் ஆம்பிதியேட்டர் மேட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சுகம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அவர்களும் சாண்ட்விச் பிரித்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்தது கார்வென்ட். பல டூர்கள் இதை விட்டுவிடுகின்றன, எனக்கு அது பெரிய குறை. சிலூர்களை அடக்கிய பிறகு அவர்களுக்கென்று ரோமானிய பாணியில் எழுந்த தலைநகரம் இது, அப்போதைய பெயர் வென்டா சிலூரம். நான்காம் நூற்றாண்டு மதில் ஊரைச் சுற்றி இன்றும் நிற்கிறது. தெற்குப் பக்கத்தில் சில இடங்களில் ஐந்து மீட்டர் உயரம். வடக்கு ஐரோப்பாவில் இந்த அளவுக்கு நிற்கும் ரோமானிய நகர மதில்கள் மிகச் சில. மதிலுக்குள்ளே இன்றைக்கும் ஒரு கிராமம் இருக்கிறது. ஒரு வீட்டின் பின்புறம் கோயில் அடித்தளம், ரோட்டோரம் ரோமானியக் கடை வீடுகள், ஆடு மேயும் வயல். டிக்கெட் இல்லை, வாசல் இல்லை.

இங்கே தவறவிடக்கூடாதது சர்ச் முகப்புக்குள் வைத்திருக்கும் ஒரு கல்வெட்டு. பாலினஸ் என்பவர் இரண்டாம் அகஸ்டா லீஜியனுக்குத் தளபதியாக இருந்து, பிறகு இன்றைய பிரான்ஸில் இரண்டு மாகாணங்களுக்கு ஆளுநராகப் போனவர். அவருக்கு மரியாதை செய்து கல் நட்டது சிலூர்களின் நகர சபை. மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கல். யாரை அடக்க அந்தப் படை வந்ததோ, அவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அதே படையின் பழைய தளபதிக்கு, லத்தீனில், சபைத் தீர்மானம் போட்டுக் கல் வைக்கிறார்கள். ரோமானிய ஆட்சி எப்படி வேலை செய்தது என்று ஒரு புத்தகம் சொல்வதை இந்தக் கல் நாலைந்து வரியில் சொல்லிவிடுகிறது. கைடு இதைக் காட்டாமல் போனால் நீங்களே கேளுங்கள்.

மூன்றாவது செப்ஸ்டோ. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எல்லையாக ஓடும் வை நதி, அதன்மேல் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, பாறை நெடுக நீண்டு கிடக்கும் கோட்டை. பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தது 1066-இல். இங்கே வேலை தொடங்கியது அடுத்த வருடமே, 1067-இல், மன்னர் வில்லியமின் நெருங்கிய கூட்டாளி ஃபிட்ஸ்ஆஸ்பெர்ன் கையால். அப்போது நார்மன்கள் அவசரத்துக்கு மண்மேடு போட்டு மரக்கோட்டை கட்டுவதுதான் வழக்கம். இங்கே கல்லிலேயே கட்டினார்கள்.

நடுவில் நிற்கும் பெரிய கோபுரத்தை வெளியே நின்று பாருங்கள். சாம்பல் நிறக் கல்லுக்கு நடுவே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை ஓடும். ஓட்டுச் செங்கற்கள், ரோமானியருடையவை. கார்வென்டின் இடிபாடுகளிலிருந்து வந்தவை என்றே கருதப்படுகிறது. கல் பற்றாக்குறையால் எடுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பாறைமேலேயே கட்டுகிறவனுக்குக் கல்லுக்கா பஞ்சம்? அப்படியிருந்தும், வெளியிலிருந்து பார்க்கிறவன் கண்ணில் படும்படி ஒரே நேர்வரிசையாக வைத்திருக்கிறார்கள். ரோமானியருக்குப் பிறகு இந்த மண்ணுக்கு வாரிசு நாங்கள்தான் என்று காட்டிக்கொள்ளத்தான் அந்தப் பட்டை என்பது என் எண்ணம். காலையில் கார்லியன், மதியம் கார்வென்ட் பார்த்துவிட்டு வந்தால்தான் இது உறைக்கும். நேராக வந்து பார்த்தால் சுவரில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

கதவையும் பாருங்கள். இப்போது கோட்டைக்கு உள்ளே எடுத்து வைத்திருக்கும் இரட்டைக் கதவு 1962 வரை வெளிவாசலில் தொங்கியது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 1190-க்குப் பிந்தியதாக இருக்க முடியாது என்று தெரிந்தது. ஐரோப்பாவிலேயே மிகப் பழைய கோட்டைக் கதவு என்கிறார்கள். முன்பக்கம் இரும்புத் தகடு, பின்பக்கம் ஒன்றையொன்று கோத்த மரச்சட்டம். பின்னால் போய்க் குறுக்குச் சட்டங்களின் மூட்டைப் பாருங்கள், தச்சு வேலை தெரிந்தவர் யாராவது கூட வந்தால் அங்கேயே நின்றுவிடுவார். அந்தக் கதவு போட்ட காலத்தில் கோட்டை வில்லியம் மார்ஷல் கையில் இருந்தது, 1189-இல் கல்யாணத்தின் மூலம் வந்த சொத்து. நிலமில்லாத ஒரு வீரராகத் தொடங்கி, 1216-இல் சிறுவனாக இருந்த மன்னருக்காக இங்கிலாந்தையே ஆண்டவர். ஒரு கோபுரத்துக்கு ஹென்றி மார்ட்டனின் பெயர். மன்னர் முதலாம் சார்ல்ஸின் மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் இங்கே கைதியாக இருந்து 1680-இல் இறந்தார். பேரனுக்கு இதெல்லாம் வேண்டாம், நதிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கழிப்பறையைக் காட்டுங்கள், போதும்.

இப்போது முழங்கால். கார்லியன் முழுக்கச் சமதளம். கார்வென்டிலும் ஊருக்குள் நடப்பது எளிது, மதில்மேல் ஏறும் இடத்தில் மட்டும் படிகளும் ஈரப் புல்லும் உண்டு, அவர் கீழேயே மதிலை ஒட்டி நடக்கலாம். அங்கேதான் உயரமும் தெரியும். செப்ஸ்டோதான் கொஞ்சம் சிரமம். கோட்டை பாறைச் சரிவில் இருப்பதால் வாசலிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். கோபுரங்களின் சுருள் படிகள் குறுகல், ஒரு பக்கம் கயிறு பிடி மட்டும் இருக்கும். கோபுரம் ஏறாமல் முற்றங்கள் வழியாகப் போய் வந்தாலே நான் மேலே சொன்ன எல்லாமும் பார்த்துவிடலாம். நல்ல பிடிப்புள்ள ஷூ போடச் சொல்லுங்கள், செருப்பு வேண்டாம்.

இரண்டாவது நாள் கிடைத்தால் கார்ஃபிலிக்குப் போங்கள். அதற்கு டூர் வேண்டாம். கார்டிஃபிலிருந்து ரயிலில் இருபது நிமிடம்தான், இறங்கி நடந்தால் கோட்டை. கில்பர்ட் டி கிளேர் 1268-இல் தொடங்கினார். 1270-இல் வேல்ஸ் இளவரசர் லூவெலின் வந்து அதை எரித்தார், மறு வருடமே மீண்டும் வேலை நடந்தது. கோட்டைக்குள் கோட்டை, சுற்றிலும் ஏரி போல அகழி, வேல்ஸில் இதுதான் மிகப் பெரியது. மூன்று மீட்டர் சாய்ந்து நிற்கும் கோபுரம் ஒன்று இருக்கிறது, இத்தாலியின் பைசா கோபுரத்தைவிட அதிகச் சாய்வு. இங்கே பெரும்பகுதி சமதளம், உங்கள் கணவருக்குச் செப்ஸ்டோவைவிட இதுதான் வசதி. கார்டிஃப் கோட்டை மகள் வீட்டுப் பக்கத்திலேயே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். மதிலின் அடியில் சிவப்புக் கல் வரி ஒன்று ஓடும், அதற்குக் கீழே உள்ளது ரோமானியர் கட்டியது, மேலே உள்ளது ப்யூட் பிரபுக்கள் பின்னாளில் எழுப்பியது. ராக்லன் அழகான கோட்டைதான், ஆனால் கார் இல்லாமல் போவது கஷ்டம்.

டூர் பதிவு செய்யும் முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் சேர்த்தா, தனியா? ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள்? கார்லியனில் ஒன்றரை மணிக்குக் குறைவு என்றால் வேறு டூர் பாருங்கள். கைடு கூடவே நடந்து வருவாரா, இல்லை டிரைவரே வண்டிக்குள் மைக்கில் பேசுவதோடு சரியா? கடைசி வகைதான் அதிகம். செப்ஸ்டோ, கார்ஃபிலி இரண்டும் பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் வேல்ஸ் அரசின் காடூ துறையிடம் இருக்கின்றன. இரண்டுக்கும் போவதாக இருந்தால் பல இடங்களுக்கும் சேர்த்து அவர்கள் தரும் எக்ஸ்ப்ளோரர் பாஸ் விலையையும் தனித்தனி டிக்கெட் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மகளிடம் கார் இருந்தால் டூரே வேண்டாம்: காலை பத்து மணிக்குக் கார்லியன், ஒன்றரைக்குக் கார்வென்ட், மூன்று மணிக்குள் செப்ஸ்டோ. மே மாதம் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் கோட்டையை அதற்கு வெகு முன்பே பூட்டிவிடுவார்கள். கடைசி நுழைவு நேரத்தை முதல்நாளே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.